ரோலரின் வேலையைக் கை செய்தபோது

ஏப்ரலில் மாங்காய் மழை அடித்தால் பெங்களூருவில் எங்களுக்கு இரவு பகல் கிடையாது. ஒரு மணி நேரம் காற்றும் மழையும் ஆடி ஓயும். அப்புறம் போன் அடிக்க ஆரம்பிக்கும். அல்சூர் ஏரிப் பக்கம் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை, இந்திராநகரில் ஒரு வீட்டு வாசலை மறித்து மயில்கொன்றை, காக்ஸ் டவுனில் காரின் மேல் சில்வர் ஓக். நானும் என் மச்சானும் சேர்ந்து மரம் கழிக்கிற வேலையை எடுத்துச் செய்கிறோம். வெட்டிய கொப்புகளை அந்த இடத்திலேயே சில்லாக்கி எடுத்துப்போக ஒரு மரச் சிப்பர் வைத்திருக்கிறோம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. ஆறங்குலத் தடிமன் வரை கட்டை தின்னும். ஆட்கள் எல்லோரும் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகள்.

அப்படி ஒரு மழைக்கு மறுநாள் காலையில்தான் அதைப் பார்த்தேன். சிப்பரை ஓட்டுகிற தம்பி ஒரு மயில்கொன்றைக் கொப்பை வாய்க்குள் விட்டான். கொப்பு பாதி போய் நின்றது. அவன் யோசிக்கவே இல்லை, இடது கையால் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கிக் கொப்பின் அடியில் வைத்து ஒரு உதை விட்டான். கொப்பு உள்ளே போனது. அடுத்த கொப்பு, அடுத்த உதை.

ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

“ஏன்டா தம்பி காலை வெக்கிற?”

“தள்ளலன்னா போவ மாட்டேங்குதுண்ணா. ஒரு மாசமாவே இப்படித்தான்.”

ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் நான் தினமும் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். எண்ணெய் ஒழுகவில்லை, புதுச் சத்தம் எதுவும் வரவில்லை, லோடும் குறையவில்லை. குறையாததற்குக் காரணம் அவன் உடம்பு. மரத்தை உள்ளே இழுக்கிற ரோலரின் பல் எவ்வளவு தேய்ந்ததோ அவ்வளவு வேலையை அவன் கையும் காலும் எடுத்துக்கொண்டிருந்தன. தேய்ந்த ஃபீட் ரோலரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இதனால்தான். பிளேடு மழுங்கினால் தெரியும், பெல்ட் அறுந்தால் தெரியும். ரோலர் தேய்ந்தால் மட்டும் ஆள் அதைத் தன் உடம்பால் ஈடுகட்டிவிடுகிறான். இயந்திரம் நன்றாக இருப்பதுபோலவே இருக்கும்.

இந்த இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு கனமான இரும்புத் தட்டு சுழல்கிறது, அதில் இரண்டு பிளேடுகள். மரத்தை அந்தத் தட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவை இரண்டு பல் உருளைகள், கரும்பு மெஷினில் இருப்பதுபோல மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழ் ரோலர் நிலையாக நிற்கும். மேல் ரோலர் ஒரு ஊஞ்சல் கையில் தொங்கும், இரண்டு பக்கமும் ஸ்பிரிங் அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். தடித்த கட்டை வந்தால் மேல் ரோலர் ஏறிக்கொடுக்கும், மெல்லிய கொப்பு வந்தால் இறங்கி அமுக்கும். இரண்டையும் சுற்றுவது ஹைட்ராலிக் மோட்டார். ரோலரின் மேல் நீளவாக்கில் பற்றவைத்த பல் பட்டைகள்தான் மரத்தைக் கவ்விப் பிடிக்கின்றன.

எங்கள் மேல் ரோலரின் குறுக்களவு பல் முனையோடு சேர்த்து 220 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 42 சுற்று. கணக்குப் போட்டால் மரம் நிமிடத்துக்கு 29 மீட்டர் உள்ளே போகிறது, அதாவது ஒரு நொடிக்கு 48 சென்டிமீட்டர். ஒரு கவை சட்டைக் கையில் மாட்டுகிறது, ஆள் சுதாரிக்க ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் முழங்கை வரை உள்ளே போய்விடும். கொப்பை விடுகிற வாய்க்கூடு அவ்வளவு நீளமாக இருப்பதே நின்ற இடத்திலிருந்து கை ரோலருக்கு எட்டக் கூடாது என்பதற்காகத்தான். கால் எட்டும். அந்தத் தம்பியின் கால் எட்டிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன். விழுந்த கிளைகளை லாரியில் முழுசாக ஏற்றி அனுப்பினோம். மச்சானுக்கு அதில் வருத்தம், அது நியாயமும்கூட. சீசனே அந்த ஆறு வாரம்தான்.

ரோலர் இழுக்கவில்லை என்றதும் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்றார் மச்சான். பம்ப் போய்விட்டது, புதுசு போடுங்கள் என்றார் போனில் பேசிய ஒரு மெக்கானிக். தம்பி மரத்தைக் குறை சொன்னான். “தூங்குமூஞ்சி நல்லா போவுதுண்ணா. இந்த மயில்கொன்றைதான் சரியில்ல.”

அவன் சொன்னதை மற்றவர்கள் சட்டை செய்யவில்லை. எனக்கு அதில்தான் விஷயம் இருப்பதாகப் பட்டது. இந்த ஊர்ச் சாலை மரங்கள் உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்தவை. மயில்கொன்றை மடகாஸ்கர், தூங்குமூஞ்சி அமெரிக்காவின் வெப்பப் பகுதி, சில்வர் ஓக் ஆஸ்திரேலியா. 1908 முதல் 1932 வரை லால்பாக்கின் பொறுப்பில் இருந்த ஜெர்மானியர் க்ரும்பீகல், ஒரு மரம் பூத்து முடியும்போது இன்னொன்று பூக்கிற மாதிரி இனங்களைத் தேர்ந்து இந்த ஊர்ச் சாலைகளுக்குக் கொடுத்தார் என்பார்கள். பூவில் தெரிகிற அந்த வேறுபாடு எங்களுக்கு ரோலரில் தெரியும். தூங்குமூஞ்சியின் பட்டை சொரசொரவென்று வெடித்திருக்கும், மழுங்கிய பல்கூட அதில் பிடித்துக்கொள்ளும். சில்வர் ஓக் நேரான மரம், கவை குறைவு, ஓரளவு சமாளிக்கும். மயில்கொன்றை மழைக்காலத்தில் சாறு ஏறி நிற்கும். பல் பட்டால் பட்டை உரிந்து வரும், அடியில் கொழகொழவென்று வழுக்கும் கட்டை. கூர்மையான பல் அந்த வழுக்கலைத் தாண்டிக் கட்டையில் இறங்கும், மழுங்கிய பல் மேலேயே தேய்த்துக்கொண்டு சுற்றும். ஆக, தம்பி கண்டது உண்மை. மரம் குறையைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

இருந்தாலும் ஊகத்தை வைத்து ரோலரைக் கழற்ற எனக்கு மனசில்லை. ரோலரைக் கழற்றுவது இரண்டு நாள் வேலை. கழற்றிய பிறகு கோளாறு பம்பில் என்று தெரிந்தால் சீசன் போய்விடும்.

முதலில் பார்த்தது சில்லுகளை. இது என் அப்பா லேத்தில் சொல்லிக்கொடுத்த பழக்கம். சுருள் எப்படி விழுகிறது என்று பார்த்தே டூல் எப்படி இருக்கிறது என்று சொல்வார். சிப்பரிலும் அப்படித்தான். எங்கள் தட்டு நிமிடத்துக்கு 1,000 சுற்று, பிளேடு இரண்டு, அப்படியென்றால் 2,000 வெட்டு. 29 மீட்டரை 2,000 வெட்டுக்குப் பங்கு போட்டால் ஒரு சில்லு பதினாலரை மில்லிமீட்டர் நீளம் வர வேண்டும். குவியலிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தரையில் பரப்பி ஸ்கேலை வைத்தேன். சில 13, பெரும்பாலானவை ஆறு, ஏழு, எட்டு, நடுவில் நிறையத் தூள். இன்ஜின் சுற்று குறையவில்லை, பிளேடு எண்ணிக்கை மாறவில்லை. அப்படியென்றால் மரம் வர வேண்டிய வேகத்தில் வரவில்லை, அதுவும் விட்டு விட்டு வருகிறது. மரம் சீராக மெதுவாக வந்திருந்தால் எல்லாச் சில்லும் ஒரே அளவில் சின்னதாக இருந்திருக்கும். இது வழுக்குகிற மரத்தின் சில்லு.

அடுத்து ஒரு சாக்பீஸ். ரோலரின் ஓரத்தில் ஒரு கோடு, நீளமான ஒரு கட்டையில் ஓர் அடிக்கு ஒரு கோடு. கட்டையை விட்டுவிட்டு எல்லோரும் தள்ளி நின்று போனில் வீடியோ எடுத்தோம். கட்டை நின்ற இடத்தில் ரோலர் கோடு சுற்றிக்கொண்டே இருந்தது. கட்டையும் ரோலரும் சேர்ந்து நின்றிருந்தால் அது வலு இல்லாத குறை, மோட்டார், பம்ப், அழுத்தம் மிஞ்சாமல் திறந்துவிடுகிற ரிலீஃப் வால்வு என்று தேட வேண்டும். ரோலர் சுற்றக் கட்டை நிற்பது பிடி இல்லாத குறை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமல் பம்ப் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த வகை இயந்திரங்களில் இன்ஜின் சுற்று குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ரோலர் தானாக நின்றுவிடும், சுற்று ஏறியதும் மறுபடி இழுக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அதையும் ரோலர் கோளாறு என்பார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டாலே தெரிந்துவிடும், முக்கி முனகி அடங்கும்போது ரோலர் நின்றால் அது காவல், கோளாறு இல்லை.

பம்ப்காரரின் சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம் என்று பிரஷர் கேஜை மாட்டினோம். கையேடு சொல்கிற எண்ணெய் அழுத்தம் 140 பார். கட்டை வழுக்குகிறபோது ஊசி 60-க்குப் பக்கத்திலேயே தொங்கியது. இதைப் பார்த்ததும் மச்சான், “பாத்தீங்களா, பிரஷரே இல்ல” என்றார். ஆனால் அது அப்படி இல்லை. எதிர்ப்பு இருந்தால்தான் அழுத்தம் ஏறும். பல் பிடிக்காமல் சும்மா சுற்றுகிற ரோலருக்கு எதிர்ப்பு ஏது? ஒரு தடித்த தூங்குமூஞ்சிக் கட்டையை விட்டோம், அந்தச் சொரசொரப்பில் பல் பிடித்த நொடியில் ஊசி 130 தாண்டிப் போனது. பம்ப் நன்றாக இருந்தது. எண்ணெய் சூடான பிறகும் இன்னொரு முறை பார்த்தோம், ஏனென்றால் உள்கசிவு இருந்தால் அது சூட்டில்தான் வெளிப்படும். ஊசி அதே இடத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் வாய்க்குள் கையை விட்டோம். அதற்கு முன் இன்ஜினை அணைத்துச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டு பேட்டரி வயரையும் கழற்றினேன். தட்டு கனம் என்பதால் அணைத்த பிறகும் நிமிடக்கணக்கில் சுற்றும். அது முழுசாக நின்றபின் பூட்டுப் பின்னைச் செருகி, மேல் ரோலரைத் தூக்கி அதற்கான பின்னைப் போட்டு, நம்பிக்கைக்கு ஒரு மரக்கட்டையையும் இடுக்கி வைத்தோம். ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கிற ரோலர் அது. விழுந்தால் விரல் மிஞ்சாது.

வெர்னியரை வைத்து அளந்தபோது எல்லாம் விளங்கிவிட்டது. மேல் ரோலரின் பல் உயரம் புதிதில் 25 மில்லிமீட்டர். இரண்டு ஓரங்களில் 23 இருந்தது. நடுவில் 16. கொப்புகள் எப்போதும் நடுவில்தான் போகும், தேய்வதும் நடுவில்தான். ஓரத்திலிருந்து பார்த்தால் பல் நன்றாகத்தான் தெரியும், அதனால்தான் இத்தனை நாள் கண்ணில் படவில்லை. அதோடு பல்லின் முனை கூழாங்கல் மாதிரி உருண்டு பளபளத்தது. விரலை வைத்துத் தேய்த்தால் வழுக்கியது. கீழ் ரோலர் நடுவில் நான்கு மில்லிமீட்டர் போயிருந்தது.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, எனக்கே அன்றுதான் உறைத்தது. மேல் ரோலர் முழுசாக இறங்கினாலும் கீழ் ரோலரைத் தொடாமல் ஒரு தடுப்பு நிறுத்தும், எங்கள் வண்டியில் அந்த இடைவெளி 12 மில்லிமீட்டர். மேலே 9, கீழே 4 தேய்ந்தால் நடுவில் இடைவெளி 25 ஆகிவிடுகிறது. அதாவது நடுவில் போகிற, ஓர் அங்குலத்துக்குக் குறைந்த எந்தக் கொப்பையும் ரோலர்கள் சேர்ந்து கவ்வவே முடியாது. ஸ்பிரிங் எவ்வளவு பலமாக இருந்தாலும் பயன் இல்லை. மிலாறும் இலையுமாக இருக்கிறதை அந்தத் தம்பி கையாலேயே அமுக்கிக்கொண்டிருந்தது அதனால்தான். மெல்லிய கொப்பு மட்டும் போகவில்லை என்றால் இடைவெளியைப் பாருங்கள். தடித்த கட்டை மட்டும் வழுக்கினால் பல் முனையையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். எங்களுக்கு இரண்டுமே இருந்தன. ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், நீளம் ஒன்றாகவே இருந்தது. மச்சானுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்தது என்று யோசித்தால் இரண்டு காரணங்கள் தெரிந்தன, இரண்டும் எங்களைச் சேர்ந்தவை. வெட்டிய கொப்பைத் தார்ச்சாலையில் தரதரவென்று இழுத்து வருவோம். ஈரப்பட்டையில் மண்ணும் ஜல்லிப்பொடியும் அப்பிக்கொண்டு வரும். அது பல்லுக்கு உப்புத்தாள். இதோடு இந்த ஊர் மரங்களில் விளம்பரப் பலகை அடித்த ஆணி, இன்டர்நெட் கேபிள், அதைக் கட்டிய கம்பி என்று என்னென்னவோ இருக்கும். இரண்டாவது காரணம் பிளேடு. கூரான பிளேடு மரத்தைத் தன் பக்கம் இழுக்கும், ரோலருக்கு வேலை பாதிதான். மழுங்கிய பிளேடு மரத்தை வெளியே தட்டித் தள்ளும், அந்தத் தட்டலை எதிர்த்து ரோலர் அதைத் திணிக்க வேண்டும். ஒவ்வொரு தட்டலிலும் பல் மரத்தின் மேல் ஒரு இழை வழுக்கும். பிளேடு தீட்டுவதை இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று தள்ளிப்போட்ட நாட்களை நான் மறக்கவில்லை. பல்லைத் தின்றது அந்த வாரங்கள்தான்.

புது ரோலர் வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் மழை முடிந்துவிடும். ரிப்பேர்தான் வழி. ஆனால் ரிப்பேர் என்றதும் எனக்குப் பயமும் வந்தது, ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் இதே ரோலருக்கு ஹார்டு ஃபேசிங், அதாவது தேயாமலிருக்க மேலே கடினமான வெல்டிங் பூச்சு, போட்டுக் கெட்ட அனுபவம் உண்டு. பிசினும் துருவும் ஒட்டியிருந்த பல்லை சரியாகச் சுத்தம் செய்யாமல், கடினமான வெல்டிங் ராடை நாலு அடுக்கு ஏற்றிக் கொடுத்தார்கள். பார்க்கப் புதுப் பல் மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் ஒரு துண்டு பெயர்ந்து மரத்தோடு தட்டுக்குள் போய்விட்டது. டமார் என்று ஒரு சத்தம், பிளேடின் விளிம்பில் சோளம் அளவுக்கு ஒரு பள்ளம். அந்த மாதிரி ராடு கண்ணாடி போலக் கடினம். ஒரு அடுக்கு, மிஞ்சினால் இரண்டு அடுக்கு தாங்கும். உயரத்தைக் கூட்டுவதற்கான பொருள் அது இல்லை, மேலே போடுகிற ஓடு அது. உயரத்தை அடியில் வேறு இரும்பால் கட்ட வேண்டும்.

டேனரி ரோடு பக்கம் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. வாணியம்பாடிக்காரர், நாங்கள் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். பக்கத்துக் கொட்டகையில் ஒரு பழைய ஹெச்.எம்.டி. லேத். 1953-இல் இந்த ஊரில் தொடங்கிய அந்தக் கம்பெனி கைக்கடிகாரத்துக்குப் பேர்போனது என்றாலும், ஆரம்பித்தது இந்த மாதிரி இயந்திரங்கள் செய்யத்தான். அந்த லேத்தில் ரோலரைப் பிடித்துச் சுற்றிவிட்டு, டயல் கேஜை வைத்து பாய் முதலில் ஷாஃப்ட்டைப் பார்த்தார். வளைவு இல்லை. பல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஷாஃப்ட்டைப் பார்த்தாரே, அதிலேயே எனக்குப் பாதி நிம்மதி வந்துவிட்டது.

மச்சான் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். காசில்லாமல் கிடைக்கிற நல்ல இரும்பு, அதையே வெட்டிப் பல் வைத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். பாய் அதை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“இது வளையிறதுக்குன்னு செஞ்ச இரும்பு தம்பி. ராடு வச்ச எடத்துக்குப் பக்கத்துல கண்ணாடி மாதிரி ஆயிடும். இன்னிக்கு ஒட்டும், நாளைக்கு ஆணியில பட்டா ஒடிஞ்சு உங்க பிளேடுக்குள்ள போவும்.”

அவர் சொன்னது கார்பன் விஷயம். கார்பன் அதிகமான இரும்பில் வெல்டிங் சூடு சட்டென்று ஆறினால் அந்த இடம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். நிறையச் சூடு ஏற்றி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் கொஞ்சம் தப்பிக்கலாம், ஆனால் எட்டுப் பட்டைக்கும் அதை நம்பிச் செய்ய முடியாது. கடைசியில் பீன்யா பக்கம் ஒரு ஸ்டீல் கடையில் தேய்மானத்துக்கென்றே வருகிற தகடு வாங்கினோம், கடினத்தை அளக்கிற பிரினெல் கணக்கில் 400, 12 மில்லிமீட்டர் தடிமன். சாதாரணப் பட்டையைவிட விலை கூடத்தான். ஆனால் அதில் கடினமும் இருக்கிறது, வெல்டிங்கும் பிடிக்கும்.

பழைய பற்களை கிரைண்டரால் அடியோடு அறுத்தெடுக்கவே ஒரு பகல் போனது. ஒரு பல்லின் அடியில் தலைமுடி மாதிரி விரிசல் ஒன்று ரோலர் உடம்புக்குள்ளேயே ஓடியிருந்தது. அதைத் தோண்டி எடுத்து அடைத்த பிறகுதான் மேற்கொண்டு போனோம். பழைய பல்லின் மேலேயே ராடு ஏற்றியிருந்தால் அந்த விரிசல் அப்படியே உள்ளே இருந்திருக்கும்.

பாய் பயன்படுத்தியது 7018 என்ற ரக வெல்டிங் ராடு. மழைக்கால ஈரத்தில் அந்த ராடின் பூச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அந்த ஈரத்திலிருந்து வருகிற ஹைட்ரஜன் வெல்டிங்குக்குள் புகுந்தால் விரிசல் விடும். அந்த விரிசல் உடனே வராது, பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள் வரும். அதனால் ராடுகளைச் சின்ன அவனில் 300 டிகிரிக்கு மேல் ஒரு மணி நேரம் வாட்டி, சூடாகவே எடுத்து எடுத்துப் பயன்படுத்தினார். எட்டுப் பட்டைகளையும் வரிசையாக ஒட்டவில்லை. முதலில் எல்லாவற்றுக்கும் அங்கங்கே சின்னப் பொட்டாக டேக் வைத்தார், பிறகு ஒன்று, அதற்கு நேரெதிரே ஐந்து, அப்புறம் மூன்று, ஏழு என்று மாற்றி மாற்றிப் போனார். ஒரே பக்கம் சூடு ஏறினால் ரோலர் வாழைக்காய் மாதிரி வளைந்துவிடும், அப்புறம் பேரிங் நாலு மாதம்கூடத் தாங்காது.

பல்லை எவ்வளவு கூராக வைப்பது என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. கத்தி மாதிரி வைக்கலாம் என்றான் கூடவே வந்திருந்த தம்பி. மிகக் கூரான பல் மென்மையான மரத்தைத் தோண்டிக் குழி பறித்துவிடும், பிறகு அந்தக் குழிக்குள்ளேயே சுற்றும். பட்டையை நாராக உரிக்கும், தென்னை மட்டை வந்தால் அந்த நார் போய் ஷாஃப்ட்டில் சுற்றி பேரிங் சீலைக் கிழிக்கும். அதனால் முனையில் இரண்டு மில்லிமீட்டர் தட்டையாக விட்டு, முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் சரிவாகவும் வைத்தோம். பட்டையில் நடுநடுவே வெட்டு விட்டு, பக்கத்துப் பட்டையின் வெட்டோடு அது நேராக வராமல் மாற்றி வைத்தோம். கடினமான ராடை முன்முகத்தில் மட்டும், ஒரே ஒரு வரி. முன்முகம் கடினமாகவும் பின்முகம் சற்று மென்மையாகவும் இருந்தால் பின்பக்கம்தான் முதலில் தேயும், முன் விளிம்பு தூக்கலாக நிற்கும். பல் தேயத் தேய அதுவே தீட்டிக்கொள்கிற மாதிரி. கீழ் ரோலருக்கு அறுவை தேவைப்படவில்லை. சுத்தம் செய்து, 7018-இலேயே நான்கு மில்லிமீட்டர் உயர்த்தி, மேலே அதே ஒரு வரி.

மறுநாள் காலையில்தான் சோதனை. சிவப்பு மருந்தைத் தெளித்துத் துடைத்து, வெள்ளை மருந்து அடித்தார் பாய். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு எழும். அடி வெல்டிங்கில் ஒரு கோடும் இல்லை. கடின வரியில் மட்டும் குறுக்கே மெல்லிய கோடுகள் தெரிந்தன, அந்த ராடு ஆறும்போது அப்படி வெடிப்பது இயல்பு. அடி இரும்புக்குள் இறங்காதவரை பயமில்லை.

ஒரு விஷயத்தை இதை வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ரோலரை வண்டியில் வைத்தபடியே வெல்டிங் போடாதீர்கள். எர்த் கிளாம்ப்பை சேசிஸில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாயும், உள்ளே இருக்கிற குண்டுகளில் புள்ளி புள்ளியாகப் பொசுக்கிவிடும். சேதம் வெளியே தெரியாது, இரண்டு மாதம் கழித்து பேரிங் அலறும். அந்த வாய்க்கூட்டைச் சுற்றி மரத்தூள் காய்ந்து கிடக்கும் என்பது இன்னொரு ஆபத்து. வேறு வழியே இல்லை என்றால் பேட்டரியைக் கழற்றி, தூளை முழுக்க ஊதித் தள்ளி, எர்த்தைப் பல்லுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். வாளியில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

ரோலரைத் திரும்ப மாட்டும்போது ஊஞ்சல் கையின் புஷ்ஷையும் மாற்றினோம், கையால் ஆட்டினாலே அது ஆடியது. மோட்டார் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன், அதாவது ரோலரோடு கோக்கிற பல் வரி, நன்றாக இருந்தது, கிரீஸ் மட்டும் வைத்தோம். தட்டின் பிளேடையும் தீட்டி, அதற்கு எதிரே நிலையாக நிற்கிற எதிர்க்கத்தியிலிருந்து கையேடு சொல்கிற இடைவெளிக்கு வைத்தோம். பழைய பிளேடோடு புதுப் பல்லை ஓட்டினால் அதே கதை திரும்ப ஆரம்பிக்கும்.

வியாழக்கிழமை காலையில், அல்சூரில் மழைக்கு விழுந்து நாலு நாளாகக் கிடந்த ஒரு மயில்கொன்றைக் கொப்பைத்தான் முதலில் விட்டோம். வேண்டுமென்றே அதைத் தேர்ந்தெடுத்தேன். ரோலர் ஒரு முறை ஏறி இறங்கியது, கொப்பு நிற்காமல் போனது. தம்பியின் வலது கால் பழக்கத்தில் தரையிலிருந்து சற்று எழுந்தது, உதைப்பதற்கு எதுவும் இல்லாமல் அப்படியே இறங்கியது. குவியலிலிருந்து சில்லை எடுத்து ஸ்கேலில் வைத்தான், 14, 15, 14. இலையும் மிலாறும் கடைசியில் மிஞ்சியபோது அதைத் தள்ள அவனுக்கு ஐந்தடி நீளத்தில் ஒரு மரக்கழி வெட்டிக் கொடுத்தேன். இரும்புக் கம்பி கூடாது, கை தவறினால் மரக்கழி சில்லாகிப் போகும், இரும்பு போனால் பிளேடே போய்விடும்.

டூல் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் இப்போது பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை தோறும் பல் உயரம் நடுவில் அளக்க வேண்டும், சில்லு நீளம் பார்க்க வேண்டும். கீழே தம்பியின் கையெழுத்தில் ஒரு வரி அவனே சேர்த்தது, தள்ள வேண்டி வந்தால் அண்ணனுக்குச் சொல்லணும். கொப்பை இழுத்து வராமல் இரண்டு பேர் தூக்கி வருகிறார்கள், முடியாத இடத்தில் தார்ப்பாய் விரித்து இழுக்கிறார்கள்.

போன சனிக்கிழமை பல் 24.5 இருந்தது. சில்லு 13-க்கு வந்திருந்தது, கூடவே கொஞ்சம் தூள். பல் அரை மில்லிமீட்டர் மட்டுமே தேய்ந்திருக்கும்போது சில்லு குறைகிறது என்றால் மழுங்கியது பிளேடு. நாளைக்குக் கழற்றித் தீட்டக் கொடுக்கிறோம்.